வண்டியில் வாக்கி டாக்கி: சட்டத்தில் சறுக்கும் இடங்கள்

கடையில் தடையின்றி விற்கப்படும் கருவியை வண்டியில் வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் வராது என்று நம்புவதுதான் வாக்கி டாக்கி வாங்குவோர் செய்யும் முதல் தவறு. கருவியை வைத்திருப்பது, அதில் பேசுவது, வண்டியை ஓட்டிக்கொண்டே அதைக் கையாள்வது ஆகிய மூன்றையும் சட்டம் தனித்தனியாகவே பார்க்கிறது. ஒன்றுக்குக் கிடைத்த அனுமதி மற்றொன்றுக்குச் செல்லாது. இந்தியாவின் 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி இத்தகைய கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ‘அணைத்துத்தான் வைத்திருந்தேன், ஒரு முறைகூடப் பேசவில்லை’ என்ற விளக்கம் அத்தகைய சட்டத்தின் முன் எடுபடாது.

உரிமம் தேவையில்லாத கருவிகளும் உண்டு. ஆனால் அந்த விலக்கு நிபந்தனைகளோடுதான் வருகிறது. ஐரோப்பாவில் 446 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், பிஎம்ஆர் எனப்படும் உரிமம் தேவையற்ற வாக்கி டாக்கிகளின் திறன் அரை வாட்டைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் எஃப்ஆர்எஸ் (குடும்ப வானொலிச் சேவை) கருவிகளுக்கு உச்சவரம்பு 2 வாட். இரண்டிலும் ஆண்டெனா கழற்ற முடியாதபடி கருவியோடு இணைந்திருக்க வேண்டும். வண்டியின் உலோகக் கூடு அலையை மறைப்பதால், கூரைமேல் தனி ஆண்டெனா பொருத்தி அதனுடன் கருவியை இணைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் இந்த மாற்றமே உரிம விலக்கைப் பறித்துவிடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

வானொலித் தொடர்பைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு வழங்கப்படும் அமெச்சூர் உரிமம் வைத்திருப்பவரின் குடும்பத்தார் அனைவரும் பேசலாம் என்பதும் தவறான எண்ணம். இரண்டு வண்டிகளில் பயணம் செய்யும்போது, ஒன்றில் உரிமம் பெற்றவரும் மற்றொன்றில் உரிமம் பெறாத துணைவரும் இருந்தால், அமெச்சூர் அலைவரிசையில் அவர்கள் உரையாட முடியாது. அந்த உரிமம் தேர்வெழுதித் தேறிய தனிநபருக்கு உரியது. அமெரிக்காவின் ஜிஎம்ஆர்எஸ் (பொது நடமாடும் வானொலிச் சேவை) உரிமம் இதற்கு மாறாக, பெற்றவரின் குடும்பத்தாருக்கும் பொருந்துகிறது, அதற்குத் தேர்வும் இல்லை. எனவே குடும்பப் பயணத்துக்கு அதுவே பொருத்தமானது என்பது என் கருத்து. வணிகத் தொடர்புகளுக்கு அமெச்சூர் அலைவரிசையைப் பயன்படுத்துவதற்கும் இடமில்லை.

பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது எங்கும் குற்றமாகாது என்று எண்ணிவிடக் கூடாது. நியூயார்க் மாநிலத்தில், காவல்துறை அலைவரிசைகளைப் பெறக்கூடிய கருவியை அனுமதியின்றி வண்டியில் பொருத்துவதே குற்றம். அமெச்சூர் உரிமதாரர்களுக்கு அதில் விலக்கு உண்டு.

பிரிட்டனில் ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிப்பதற்கான தடை இருவழி வானொலிக்குப் பொருந்துவதில்லை. எனினும், கவனம் சிதறி வண்டி கட்டுப்பாட்டை இழந்தால் வேறு பிரிவுகளில் வழக்குத் தொடர முடியும் என்பதால், நிறுத்திவிட்டுப் பேசுவதே நல்லது.

எல்லை தாண்டும் பயணத்தில்தான் கவனம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. ஐரோப்பாவில் உரிமமின்றி இயங்கும் 446 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் அமெச்சூர்களுக்கான அலைவரிசைப் பட்டைக்குள் விழுவதால், அங்கே உரிமமின்றி அதில் பேச முடியாது. எஃப்ஆர்எஸ் பயன்படுத்தும் 462, 467 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் அந்தக் கருவியைக் கொண்டு ஐரோப்பாவில் பேச அனுமதியில்லை. அமெச்சூர் உரிமத்தைப் பொறுத்தவரை, சிஇபிடி (ஐரோப்பிய அஞ்சல், தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் கூட்டமைப்பு) பரிந்துரையை ஏற்ற ஒரு நாடு வழங்கிய உரிமத்தை, அதை ஏற்ற பிற நாடுகளில் குறுகிய காலத் தங்கலின்போது பயன்படுத்தலாம்; உரிமத்தின் மூலப்படி வண்டியில் இருக்க வேண்டும். பரிந்துரையை ஏற்காத நாட்டுக்குச் செல்வோர், அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும். மின்கலத்தைக் கழற்றிவிட்டு எடுத்துச் செல்வது அதற்கு மாற்றாகாது.