மிக்ஸிங்கில் சாச்சுரேஷன்: பேஸ் கிட்டாரில் தொடங்குவோம்

கணினியில் பதிவான ஒலி தெளிவாக இருந்தும் வறண்டு கேட்கும்போது, பழைய ஒலிக்கருவிகளின் டேப், வால்வு, டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றைப் போலச் செய்யும் சாச்சுரேஷன் பிளக்-இன்கள் (ஒலி மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்கள்), மூல ஒலியின் அதிர்வெண் மடங்குகளான ஹார்மோனிக்ஸைச் சேர்த்தும் உச்சங்களை மெல்ல மழுக்கியும் அதற்குக் கதகதப்பு தருகின்றன.

பழகுவதற்கு பேஸ் கிட்டாரே ஏற்றது. அதன் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்வதால், கைபேசி ஸ்பீக்கரில் அது காணாமற்போகும். சாச்சுரேஷன் 82, 123, 164 என மேல்நோக்கி ஹார்மோனிக்ஸை அடுக்கும்போது, ஸ்பீக்கருக்கு எட்டுபவற்றிலிருந்தே காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும்.

முதலில் டிராக்கின் சராசரி அளவை -18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் ஒலியின் உச்ச வரம்பைப் பூஜ்யமாகக் கொண்ட டெசிபல் அளவு) அருகே வையுங்கள். அனலாக் கருவிகளைப் போலச் செய்யும் பல பிளக்-இன்கள் அதையே, அக்கருவிகளில் சராசரி ஒலி அளவைக் காட்டும் வி.யு. மீட்டரின் பூஜ்யமாகக் கொள்கின்றன. கரகரப்பு தெரியும்வரை டிரைவை (சாச்சுரேஷனின் அளவைக் கூட்டும் குமிழை) ஏற்றி, அது மறையும்வரை இறக்குங்கள். டிரைவோடு சத்தமும் கூடும், கூடிய சத்தம் காதுக்குப் பெரும்பாலும் சிறப்பாகவே படும் என்பதால், அவுட்புட்டைக் குறைத்து, பைபாஸ் செய்தாலும் (பிளக்-இன்னை அணைத்துக் கேட்டாலும்) ஒரே அளவில் கேட்கும்படி அமைத்த பிறகே முடிவெடுங்கள். மிக்ஸைச் சேறாக்குபவர்களில் பலர் இந்தப் படியைத் தவிர்த்தவர்களே என்பது என் எண்ணம்.

குரலுக்கு இரண்டாம் ஹார்மோனிக் ஓங்கிய வால்வு வகையும், டிரம்ஸுக்கு உச்சங்களை அமுக்கும் டேப் வகையும் பொருந்தும்.

நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில், அதன் பாதியான 22.05 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும் ஹார்மோனிக்ஸ் கீழே மடங்கித் திரும்பி, சுரத்தோடு ஒட்டாத இரைச்சலாகும். ஓவர்சாம்ப்ளிங்கை (பிளக்-இன் உள்ளே அந்த அளவீட்டு வேகத்தைக் கூட்டும் வசதியை) 4 மடங்காக்கினால் அது பெரிதும் அடங்கும்; கணினிக்குச் சுமை கூடுவதால், இறுதி ஏற்றுமதியின்போது மட்டும் அதை இயக்கினாலும் போதும்.