மேலே ஏறாமல் திரும்பியவன் சொல்கிறேன்: மோன்-சேன்-மிஷேலுக்கு ஒருநாள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸின் நார்மண்டிக் கரையில், ஒரு பாறைத் தீவின்மேல் நிற்கிறது மோன்-சேன்-மிஷேல் மடாலயம். அதன் வாசலுக்கு நான் முதல் தடவை மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது மணி 5.05. நவம்பர் மாதம், வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை விரித்தார். குளிர்காலத்தில் ஆறு மணிக்கு மூடுகிறார்கள். கடைசி அனுமதி அதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். ஐந்து நிமிடத் தாமதம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் காலை பதினொரு மணியிலிருந்து அந்தப் பாறையின்மேல்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ரென் நகரில் படிக்க வரும் நம் மாணவர்கள் முதல் செமஸ்டரிலேயே போகிற இடம் இது. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பாரிஸில் இருப்பவர்கள்கூட மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் பிடித்து, ரென்னில் பஸ் மாறி, ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். இந்தச் சுலபம்தான் முதல் பொறி. 'பக்கத்தில்தானே' என்று எந்தத் திட்டமும் இல்லாமல் கிளம்பிவிடுகிறோம்.

கோட்டை வாசலைத் தாண்டியதும் ஒரே தெரு. இருபுறமும் காந்தப் பொம்மை, பிஸ்கட் டப்பா, பிளாஸ்டிக் வாள். பத்து மணியிலிருந்து நாலு மணிவரை அதில் தோளோடு தோள் இடித்துத்தான் நகர முடியும். வந்தவர்களில் பலர் அந்தத் தெருவிலும் மதில்மேலும் படம் எடுத்துவிட்டு, மடாலயத்தைக் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். திருவண்ணாமலைக்குப் போய் பஜார் வீதியில் வளையல் வாங்கிக்கொண்டு வந்த கதை அது. வரிசையை மாற்றுங்கள். இறங்கியதும் நேராக மேலே போய்விடுங்கள். தெருவை மாலையில் பார்த்துக்கொள்ளலாம். கூட்டம் அடைத்திருந்தால் மதில்மேல் செல்லும் படிவழியாகவும் மேலே போகலாம். ஏறத்தாழ 350 படிகள். தண்ணீர் பாட்டில் போதும், சக்கரப் பெட்டி வேண்டாம். பெரிய பைகளை மடாலயத்துக்குள் விடமாட்டார்கள். வைத்துவிட்டுப் போகவும் இடமில்லை.

அடுத்த தவறு, ஓத நேரத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தை, பார்க்காமல் போவது. இதை நம்மவர்கள் கூடுதலாகச் செய்வதற்குக் காரணம் உண்டு. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். கடல் எப்போது போனாலும் கடல்தான். மோன்-சேன்-மிஷேல் வளைகுடாவில் ஓதம் ஏறும் உயரமும் வற்றும் ஆழமும் பெரிய நாட்களில் 14 மீட்டர்வரை விலகி நிற்கும். வற்றத்தின்போது தீவைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிற மணல். 'படத்தில் தண்ணீர் சூழ்ந்திருந்ததே' என்று ஏமாந்து நிற்பவர்களை எந்நாளும் பார்க்கலாம்.

தண்ணீர் சூழ்ந்த தீவைப் பார்க்க வேண்டுமென்றால் பிரெஞ்சு ஓத அட்டவணையில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அதன் அளவைக் காட்டப் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 20-இலிருந்து 120 வரை போகும். 110-ஐத் தாண்டினால், கரையிலிருந்து தீவுக்கு வரும் பாலத்தின் கடைசித் துண்டும் சிறிது நேரம் நீரில் மூழ்கி, பாறை உண்மையிலேயே தீவாகிவிடும். அட்டவணை கையில் இல்லையென்றால் வீட்டு நாட்காட்டி போதும்: அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஒன்றிரண்டு நாட்களில் ஓதம் பெரிது, அதிலும் மார்ச், செப்டம்பர் மாதங்களில் மிகப் பெரிது. உச்ச நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே மதில்மேல் இடம்பிடித்துவிட வேண்டும். வெள்ளம் ஓடிவரும் அழகே தனி.

அந்த அழகுதான் ஆபத்தும். மணல் காய்ந்து கிடக்கிறதே, அதோ தெரிகிற தோம்பலேன் தீவுவரை நடந்துவிட்டு வரலாம் என்று தனியாக இறங்கவே கூடாது. ஓதம் முன்னால் இருந்து மட்டும் வராது. வாய்க்கால்கள் வழியாகச் சுற்றி வந்து பின்பக்கத்தை அடைத்துவிடும். புதைமணலும் உண்டு. இங்கிலாந்தை நார்மன்கள் வென்ற கதையைச் சொல்லும் பாயோ பூவேலைத் துணியில் ஒரு காட்சி இருக்கிறது: இந்த மலைக்கருகே குவெனோன் ஆற்றுப் புதைமணலில் சிக்கிய வீரர்களை, பிற்பாடு இங்கிலாந்து அரசரான ஹரால்ட் இழுத்துக் காப்பாற்றுகிறார். பதினோராம் நூற்றாண்டிலேயே ஊரறிந்த ஆபத்து. நடக்க ஆசையென்றால் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு, வெறுங்காலோடு போகும் நடைகள் இருக்கின்றன. அருமையான அனுபவம், ஆனால் மடாலயத்தையும் அதையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

டிக்கெட் விஷயத்தில் நாம் இழப்பது வெறும் பணம். 18 முதல் 25 வயதுவரை உள்ளவர்களுக்கு மடாலயத்தில் அனுமதி இலவசம் என்ற சலுகை ஐரோப்பியக் குடிமக்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம். முறையான வசிப்பு அனுமதியோடு பிரான்ஸில் தங்கிப் படிக்கும் வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும். என்னோடு வந்த நண்பர் ஒருவர் இது தெரியாமல் முழுக் கட்டணம் கட்டிவிட்டு, கீழே இறங்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வசிப்பு அனுமதி அட்டையோ நீண்டகால விசாவோ கையில் இருக்கட்டும். மாணவர் அடையாள அட்டை போதாது. கிளம்புமுன் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை விதியைப் பார்த்து, நேரத்தையும் பதிந்துகொள்ளுங்கள். ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களில் மூடியிருக்கும்.

உள்ளே போனபிறகு செய்யும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. எல்லாவற்றையும் ஒரே காலத்துக் கட்டடமாக நினைத்து, பத்து நிமிடத்தில் ஒரு நூற்றாண்டு வீதம் ஓடிவிடுகிறோம். 708-இல் பக்கத்து அவ்ரான்ஷ் நகரின் ஆயர் (பிஷப்) ஓபேர் கட்டிய சிறு வழிபாட்டிடத்தில் தொடங்கிய கதை இது. அதிதூதர் மிக்கேல் கனவில் வந்து சொல்லியும் கேட்காததால், விரலால் ஓபேரின் மண்டையில் துளை போட்டாராம். துளையுள்ள ஒரு மண்டையோட்டை இன்றும் அவ்ரான்ஷ் தேவாலயத்தில் வைத்திருக்கிறார்கள். 966-இல் பெனடிக்டின் துறவிகள் வந்தார்கள். பாறையின் கூர்முனையில் தேவாலயம் நிற்கத் தட்டையான இடமில்லை. ஆகவே சுற்றிலும் நிலவறைகள் எழுப்பி, அவற்றின் தோளில் அதை ஏற்றினார்கள்.

மேற்கு முற்றத்தில் எல்லோரும் கடலைப் படம் எடுப்பார்கள். நீங்கள் ஒரு நிமிடம் தரையைப் பாருங்கள். நீங்கள் நிற்பது ஒருகாலத்தில் தேவாலயத்தின் உட்பகுதி. அதில் சிதைந்துபோன, தூணுக்குத் தூண் இடைப்பட்ட மூன்று பகுதிகளைப் பதினெட்டாம் நூற்றாண்டில் இடித்த பிறகே அது முற்றமானது. அங்கிருந்து உள்ளே போனால், பீடப்பகுதி வேறு பாணியில் உயர்ந்து நிற்கும். பழையது 1421-இல் சரிந்து விழுந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறாண்டுப் போர் ஓய்ந்த பிறகு கோதிக் பாணியில் எழுப்பினார்கள். அதன் பாரத்தைத் தாங்கும் பருத்த தூண்களைக் கீழ்நிலவறையில் கட்டித்தழுவிப் பார்த்தேன், கை எட்டவில்லை. அந்தப் போரில் ஆங்கிலேயரால் கடைசிவரை பிடிக்க முடியாத இடம் இது. அவர்கள் விட்டுப்போன இரண்டு பீரங்கிகள் கீழே நுழைவாயிலிலேயே கிடக்கின்றன. எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இறங்கும் வழியில் ஆள் உயரத்தைவிடப் பெரிய மரச்சக்கரம் ஒன்று வரும். அதைத் துறவிகளின் சாதனம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1863 வரை இந்த மடாலயம் சிறைச்சாலை. கைதிகள் அந்தச் சக்கரத்துக்குள் நடந்து நடந்துதான் கீழிருந்து சாமான்களை மேலே இழுத்தார்கள். துறவு வாழ்க்கை இன்று மீண்டும் இங்கே இருக்கிறது. 2001 முதல் எருசலேம் துறவுக் குழுவைச் சேர்ந்த அருட்சகோதர சகோதரிகள் தங்கி வழிபாடு நடத்துகிறார்கள். வழிபாடு நடக்கும்போது கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே வரி: அங்கே கிடைக்கும் புகழ்பெற்ற ஆம்லெட்டின் விலையில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாம், எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாகத் திரும்பும் கணக்கு. பஸ் இறங்குமிடம் தீவிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, கரையில் இருக்கிறது. அங்கிருந்து இலவச வண்டி ஓடும். நடந்தால் முக்கால் மணி நேரம். 2014-இல் திறந்த பாலம் தூண்களின் மேல் நிற்பதால் அடியில் நீர் தடையின்றி ஓடும். முன்பிருந்த 1879-ஆம் ஆண்டுக் கரைவழி, வண்டலைத் தேக்கித் தீவையே நிலமாக்கிக்கொண்டிருந்தது. மாலையில் எல்லோரும் ஒன்றாக இறங்குவதால் இலவச வண்டிக்கு நீண்ட வரிசை நிற்கும். ரென் பஸ்ஸோ நாளைக்குச் சில தடவைதான். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே தீவை விட்டுவிடுங்கள். நடக்க விரும்பினால் காலையில், தீவை நோக்கி நடங்கள். வழியில் உப்புப் புல்வெளியில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். முதல் வளைவில் சின்னதாகத் தெரிந்த கோபுரம் ஒவ்வோர் அடிக்கும் வளரும். மாலையில் நடந்தால் அது முதுகுக்குப் பின்னால் இருக்கும். நான் அன்று பஸ்ஸுக்கு ஓடியபோது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.