உள்ளூர் நிரலாளர் குழு: கேள்வி கேட்பதிலிருந்து மாதக் கூட்டம் வரை

ஓர் ஊரில் நிரலாளர் குழு நிலைத்து நிற்க இரண்டு வேலைகள் ஒழுங்காக நடக்க வேண்டும். குழுவின் சாட் குரூப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது ஆட்கள் நேரில் கூட வேண்டும். இவை இரண்டையும் தனித்தனியாக நடத்தினால் ஆறு மாதத்தில் சாட் குரூப்பில் வேலைவாய்ப்பு விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், கூட்டத்தில் பேச ஆள் கிடைக்காது. அந்த மாதம் வந்த கேள்விகளிலிருந்தே அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை எடுங்கள். பேச்சாளரைத் தேடி அலையும் வேலை அப்போதே பாதி குறைந்துவிடும்.

கேள்வியை எப்படிக் கேட்பது

“பைத்தான் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?” என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. தெரிந்தவர்களும் என்ன பிரச்சினை என்று தெரியாமல் கைதூக்கத் தயங்குவார்கள். என்ன செய்யப் பார்த்தீர்கள், எந்த நிரலை (கோட்) ஓட்டினீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது என்ற நான்கையும் ஒரே செய்தியில் எழுதுங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம், மொழியின் பதிப்பு எண், லைப்ரரியின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) பதிப்பு எண் ஆகியவற்றையும் சேருங்கள். பைத்தான் என்ற நிரல்மொழியின் பிழைச்செய்தியில் கடைசி வரிதான் பிழையின் பெயரைச் சொல்லும். அதற்கு மேலே உள்ள வரிகள் பிழை எங்கே நடந்தது என்று சொல்லும். எனவே கடைசி வரியை மட்டும் வெட்டி ஒட்டாமல் முழுவதையும் தாருங்கள்.

முந்நூறு வரிக் கோப்பை அப்படியே அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். பிழை இன்னும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கோடைப் பாதி பாதியாக வெட்டுங்கள். பத்து வரிக்குள் வரும்போது பாதி நேரம் விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம். “தமிழ்த் தேடல் வேலை செய்யவில்லை, உதவுங்கள்” என்று ஒருவர் கேட்டால் அதற்குப் பதில் சொல்லவே முடியாது. அதையே இப்படிக் கேட்கலாம்: “இரண்டு கோப்புகளில் ‘கொடி’ என்ற சொல் இருக்கிறது. திரையில் ஒன்றுபோலவே தெரிகிறது. ஒப்பிட்டால் ஃபால்ஸ் (சமமில்லை) வருகிறது. நீளத்தை எண்ணும் லென் ஃபங்ஷன் ஒன்றுக்கு 4 என்கிறது, இன்னொன்றுக்கு 5 என்கிறது. பைத்தான் 3.11, உபுண்டு.” இந்த 4, 5 என்ற எண்களைப் பார்த்ததுமே யூனிகோட் (எழுத்துக்குறிகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரம்) தெரிந்தவருக்குக் காரணம் பிடிபட்டுவிடும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். எகரக் குறி, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். ஒப்பிடும் முன் இரண்டு சொற்களையும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில் ‘என்எஃப்சி’ என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றினால் ட்ரூ (சமம்) வரும். மாற்றிய பிறகும் லென் 2 என்று வராது, 4 என்றே வரும். அது எழுத்துகளை எண்ணுவதில்லை, யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. எழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் லைப்ரரி இருக்கிறது. ஒரு நல்ல கேள்வியிலிருந்து அரை மணி நேரப் பேச்சுக்கான பொருள் இப்படித்தான் கிடைக்கிறது.

கோடை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாதீர்கள். அதிலிருந்து நகலெடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது, பின்னால் தேடினாலும் கிடைக்காது. வெறுமனே ஒட்டினாலும் சிக்கல்தான்: டெலிகிராம், வாட்ஸ்அப் இரண்டும் உடுக்குறியையும் (*) அடிக்கோட்டையும் (_) தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்துக்கான குறிகளாக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். முன்னும் பின்னும் மூன்று பேக்டிக் (`) போட்டு ஒட்டினால் அப்படியே நிற்கும். போன் கீபோர்டில் கோடைத் தட்டச்சு செய்தால் நேர் மேற்கோள் குறி சில சமயம் வளைந்த குறியாக மாறிவிடும்; அதை நகலெடுத்து ஓட்டுபவருக்குப் புதிதாக ஒரு சின்டாக்ஸ் எரர் கிடைக்கும்.

ஏபிஐ சாவியோ (ஒரு சேவையை நிரலிலிருந்து பயன்படுத்துவதற்கான ரகசியக் குறி) பாஸ்வேர்டோ தவறிக் குழுவுக்குள் போய்விட்டால், முதலில் அந்தச் சாவியை ரத்து செய்யுங்கள். செய்தியை அழிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அழிப்பதற்குள் யார் கண்ணில் பட்டது என்று உங்களுக்குத் தெரியாது.

பதில் கிடைத்ததும் எது வேலை செய்தது என்று கேட்டவரே ஒரு வரி எழுத வேண்டும். இதைக் குழு விதியாகவே வையுங்கள். “சரியாயிடுச்சு, நன்றி” என்று மட்டும் எழுதினால் அதே பிழையில் மாட்டும் அடுத்தவருக்கு அதனால் பயன் இல்லை. பதில் சொல்பவர்களுக்கும் ஒரு விதி உண்டு: “கூகுள் பண்ணுங்க” என்பது பதில் அல்ல. முதல் கேள்விக்கே அப்படிப் பதில் வாங்கியவர் இரண்டாவது கேள்வியைக் கேட்க மாட்டார்; கூட்டத்துக்கும் வர மாட்டார்.

தேதியும் இடமும்

தேதியை ஓட்டெடுப்பில் முடிவு செய்யாதீர்கள். சென்னையின் பைத்தான் குழுவான சென்னைபைக்கு நான்காம் சனிக்கிழமை, லினக்ஸ் குழுவான ஐலக்சிக்கு இரண்டாம் சனிக்கிழமை, காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று பழகிப்போனதைப் போல உங்கள் குழுவுக்கும் ஒரு நாள் மனதில் பதிய வேண்டும். நாளை நிர்ணயிக்கும் முன் காலண்டரைப் புரட்டி முகூர்த்த நாட்களைப் பாருங்கள். ஆவணியிலும் தையிலும் முகூர்த்த ஞாயிறு என்றால் பாதிப் பேர் கல்யாண வீட்டில் இருப்பார்கள். அதனால் சனிக்கிழமை மாலை 3 முதல் 5 வரை நல்ல நேரம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் காலை 9 மணிக்குள் வானிலையைப் பார்த்து, வேண்டுமானால் அன்றைய கூட்டத்தை ஜிட்சி என்ற இணைய வீடியோ கூட்டத்துக்கு மாற்றுங்கள். ரத்து மட்டும் செய்யாதீர்கள்.

கல்லூரி லேப் என்றால் இரண்டு வாரம் முன்பே துறைத் தலைவருக்குக் கடிதம் கொடுங்கள். வெளியாட்களின் பெயர்ப் பட்டியலை வாசலில் இருக்கும் செக்யூரிட்டியிடமும் கொடுத்துவையுங்கள். செமஸ்டர் தேர்வு நாட்களில் லேப் கிடைக்காது. நிறுவனத்தின் ஹால் என்றால், சனிக்கிழமை ஏசி ஓடுமா, லேப்டாப் சீரியல் எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். முப்பது பேரின் சீரியல் எண்ணை வாசலில் எழுதி முடிக்க அரை மணி நேரம் போய்விடும்.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் 1380 வாட் தாங்கும். 65 வாட் சார்ஜர்கள் இருபத்தொன்று போட்டாலே எல்லையைத் தொட்டுவிடும். ஒரு சாக்கெட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்மேல் பாக்ஸ் மாட்டாமல், பத்துப் பேருக்கு ஒரு சுவர் சாக்கெட் என்று பிரியுங்கள். புரொஜெக்டரில் இருப்பது ஹெச்டிஎம்ஐ போர்ட்டா, பழைய விஜிஏவா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள். புது லேப்டாப்களில் டைப்-சி மட்டுமே இருக்கக்கூடும், எனவே அதற்கான மாற்றி ஒன்று குழுவிடம் இருக்கட்டும். வெளிச்சமான அறையில் கறுப்புப் பின்னணி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் பின்னணியும் 24 அளவு எழுத்தும் வைக்கச் சொல்லுங்கள்.

இணையம் இல்லாமலே ஓட வேண்டும்

பயிற்சிக் கூட்டங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். முப்பது பேர் ஆளுக்கு 100 எம்பி இறக்கினால் 3 ஜிபி ஆகிறது. போன் ஹாட்ஸ்பாட்டால் அதைத் தாங்க முடியாது. பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப்பின் ‘டவுன்லோட்’ கட்டளையால் தேவையானவற்றை முன்கூட்டியே ஒரு ஃபோல்டரில் இறக்கி, நான்கைந்து பென்டிரைவில் போட்டுக்கொண்டு வாருங்கள். நிறுவும்போது ‘நோ-இன்டெக்ஸ்’, ‘ஃபைண்ட்-லிங்க்ஸ்’ என்ற இரண்டு விருப்பங்களையும் கொடுத்தால் பிப் இணையத்துக்குப் போகாது. ஆனால் லினக்ஸில் இறக்கிய வீல் கோப்பு (பேக்கேஜின் நிறுவல் கோப்பு) விண்டோஸில் ஏறாமல் போகலாம். பைத்தான் பதிப்பு மாறினாலும் அப்படித்தான். எனவே வருபவர்களின் சிஸ்டத்தைப் பதிவுப் படிவத்திலேயே கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர் வையுங்கள். புதிய உபுண்டுவில் நேரடியாக பிப் ஓட்டினால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்று பிழை வரும். முதலில் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (தனியான பைத்தான் சூழல்) உருவாக்கச் சொல்லிக்கொடுங்கள்.

கல்லூரி வைஃபையில் எஸ்எஸ்ஹெச் இணைப்புக்கான போர்ட் 22 அடைபட்டிருந்தால் அதன் வழியாக கிட் க்ளோன் (நிரல் தொகுப்பை நகலெடுக்கும் கட்டளை) நகராமல் நிற்கும். ஹெச்டிடிபிஎஸ் முகவரியைக் கொடுங்கள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்புக்குப் புஷ் செய்யும்போது (அனுப்பும்போது) அக்கவுண்ட் பாஸ்வேர்ட் கேட்டால் அதைக் கொடுத்துப் பயனில்லை. 2021 ஆகஸ்ட்டிலிருந்து அதை ஏற்பதில்லை, டோக்கன்தான் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் தளத்தில் எடுக்கும் தனிச் சாவி) வேண்டும். டோக்கன் எடுத்துவைப்பதை வீட்டுப்பாடமாக முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இரண்டு மணி நேரம்

முதல் பத்து நிமிடம் அறிமுகம்: பெயர், இப்போது மல்லுக்கட்டும் ஒரு பிரச்சினை, அவ்வளவுதான். பிறகு 25 நிமிடப் பேச்சு ஒன்று. பேச்சாளர், அந்த மாதக் கேள்வி ஒன்றுக்குச் சிறந்த பதில் சொன்னவராக இருக்கட்டும். குழுவில் ஏற்கெனவே எழுதியதை விரித்துச் சொன்னாலே போதும் என்றால் முதல்முறை பேசுபவரும் துணிந்து வருவார். அடுத்து டீ. ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கில் நூறு மில்லி கப் பத்து வரும். பதிவு எண்ணிக்கையை நம்பாமல் அறையில் தலை எண்ணிவிட்டுக் கடைக்குச் சொல்லுங்கள். இலவசக் கூட்டத்துக்குப் பதிந்தவர்களில் பாதிப் பேர் வந்தாலே நல்ல வருகை.

டீக்குப் பின் நாற்பது நிமிடம் கேள்வி நேரம். இதை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். விடை கிடைக்காமல் நிற்கும் கேள்விகளைப் பலகையில் எழுதி, நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாக உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து தேடுங்கள். கீபோர்ட் கேட்டவரின் கையிலேயே இருக்கட்டும். தெரிந்தவர் பிடுங்கித் தட்டினால் பிழை போய்விடும். எப்படிப் போனது என்று கேட்டவருக்குத் தெரியாது.

பெண்கள் வருவதும் தொடர்ந்து வருவதும் ஏற்பாட்டைப் பொறுத்தது. பேருந்து வசதியுள்ள இடமாக இருக்க வேண்டும், சொன்ன நேரத்தில் முடிய வேண்டும். குழுவிலிருந்து எண்ணை எடுத்துத் தனிச்செய்தி அனுப்பக் கூடாது என்பதை எழுதிவைத்த விதியாகவே வையுங்கள். புகார் சொல்ல இருவர் பெயர் இருக்கட்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். படமெடுக்கும் முன் கேளுங்கள்.

அன்று இரவே ஒருவர் குறிப்பு எழுத வேண்டும்: எந்தக் கேள்விக்கு என்ன விடை, எது தீரவில்லை, அடுத்த தேதி. தீராதவற்றைச் சாட் குரூப்பின் மேலே தெரியும்படி ‘பின்’ செய்துவிடுங்கள். ஹால் சாவி, புரொஜெக்டர் மாற்றி, பென்டிரைவ், அட்மின் உரிமை எல்லாம் ஒரே ஆளிடம் இருந்தால், அவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போகும் மாதம் கூட்டம் நின்றுவிடும். மூன்றாவது கூட்டத்துக்குள் இன்னும் இருவரிடம் இவற்றைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.