மார்ஃபின் கணக்கு இடிக்கும்போது

நான் பினாங்கில் வார்டு மருந்தாளர். மார்ஃபின் போன்ற வலி மருந்துகளை ஊழியர்கள் யாராவது திருடுகிறார்களா என்று காட்டும் மென்பொருளைத் திறந்ததும் சிவப்பு எச்சரிக்கைக்கு ஓடாதீர்கள். முதலில், யார் எப்போது எடுத்தார்கள் என்று பதிவு செய்யும் கணினி மருந்து அலமாரியின் கடிகாரமும் நோயாளிப் பதிவின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு ஏழு நிமிட வித்தியாசம். பாவம், ஒரு தாதியை வீணாகச் சந்தேகப்பட்டோம்.

அப்புறம் எடுத்தது, கொடுத்தது, கொட்டியது மூன்றையும் பொருத்துங்கள். 10 மில்லிகிராம் மார்ஃபின் ஆம்பூலில் (சிறு கண்ணாடிக் குப்பி) 4 கொடுத்தால், மீதி 6 சாட்சி முன்னால் கொட்டப்பட்டிருக்க வேண்டும். எப்போதும் அதே சாட்சியா? அங்கே நில்லுங்கள். ஒருவரை அதே வார்டு, அதே ஷிப்டு ஆட்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஐசியூவில் அதிகம் எடுப்பது சகஜம்.

மருந்து கொடுத்ததாகப் பதிவு, ஆனால் நோயாளியின் வலி அளவு பத்துக்கு 8-லேயே நிற்கிறதா? நான் முதலில் புரட்டுவது அந்தப் பதிவைத்தான்.