பழைய பிராங்கோவின் மட்கார்டை வெட்டும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1966 முதல் 1977 வரை ஃபோர்டு தயாரித்த, கரடுமுரடான பாதையிலும் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டியான முதல் தலைமுறை பிராங்கோவை விற்க முன்வரும் எவரும் ஒரு கேள்விக்குத் தப்ப முடியாது: பின் மட்கார்டு வெட்டியதா, வெட்டாததா? ஆலையிலிருந்து வந்த வண்டியில் அந்தத் தகடு தாழ இறங்கி டயரின் தலையை மூடி நிற்கும். அன்றைய ஒல்லி டயருக்கு அந்த இடம் போதுமானதாக இருந்தது. பிறகு பிராங்கோ மலிவான பழைய வண்டியாகி, பாலைவனத்துக்கும் பாறைக்கும் போனபோது பெரிய டயருக்கு இடம் வேண்டியிருந்தது. பலரும் தகட்டை வெட்டினார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வெட்டாத வண்டி அரிதாகிவிட்ட இந்தக் காலத்திலும், அரைநாள் அவசரத்தில் தகடு அறுக்கும் கிரைண்டரை எடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் தவறு டயர் கடையிலேயே நடந்துவிடுகிறது. கண்ணுக்குப் பிடித்த டயரை வாங்கிவிட்டு, அதற்கேற்ப வண்டியை அறுக்கிறார்கள். ஸ்பிரிங்கை ஏறத்தாழ 2.5 அங்குலம் உயர்த்தி, 31 அங்குல உயரமும் 10.5 அங்குல அகலமும் உள்ள டயரைப் பொருத்தி, தகட்டை வெட்டாமலே ஓட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். 33 அங்குலத்துக்குப் போனால்தான் பின்தகடு வழிமறிக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சுக்கும் தரைக்கும் இடையே கூடுவது 1 அங்குலம் மட்டுமே. அந்த ஓர் அங்குலம் உங்கள் பாதைக்கு உண்மையிலேயே தேவையா? ரிம்மையும் கவனிக்க வேண்டும். அகலமான ரிம் டயரை வெளியே தள்ளும். அதே டயர் சரியான ரிம்மில் உள்ளடங்கி, விளிம்பில் உரசாமல் ஓடும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயருக்கு மேலே நான்கு விரல் இடைவெளி இருக்கிறது என்று நம்புவது அடுத்த தவறு. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். சுமையில் பட்டை நிமிரும்போது அச்சு மேலே ஏறுவதோடு சற்றுப் பின்னேயும் நகரும். அதனால் ஒரு சக்கரத்தை மட்டும் உயர்த்தி, அச்சு ரப்பர் தடுப்பில் முட்டும்வரை அமுக்கிப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். முன்சக்கரங்களை அதே நிலையில் இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும். கடைசி நொடியில் மட்டும் உரசுகிறது என்றால் தடுப்பின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டினாலே போதும். சக்கரம் மேலே ஏறும் தூரம் சிறிது குறையும்; தகடு பிழைக்கும்.

வெட்டாமல் காப்பாற்றுகிறேன் என்று வண்டியை அளவின்றி உயர்த்துவதும் தவறுதான். பிராங்கோவின் முன் பின் அச்சுகளுக்கு இடைவெளி வெறும் 92 அங்குலம். பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் குட்டையானது. உயர்த்தினால் அதன் சாய்வு கூடி அதிர்வு தொடங்கும். முன் அச்சின் சாய்வு மாறி, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நேராக நிற்காது. தகட்டைக் காக்க ஓட்டத்தைப் பலி கொடுக்கலாகாது.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், இனிச் சொல்வதைத்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். பின் மட்கார்டு ஒற்றைத் தகடு அன்று. வெளித்தகடும் சக்கரத்தை மூடும் உள்தகடும் விளிம்பில் ஸ்பாட் வெல்டிங்கால் இணைந்திருக்கின்றன. விளிம்பை அறுத்தால் அந்த இணைப்பும் கூடவே போய்விடும். இரண்டுக்கும் நடுவே வாய் திறந்துகொள்ளும். சேறும் நீரும் உள்ளே போய்த் தங்கும். அதன்மேல், வெட்டிய இடத்தை மூடும் அகல விளிம்புப் பட்டையை வைத்து ஸ்க்ரூ முடுக்கிவிட்டால் வெளியே அழகாக இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். சில ஆண்டுகளில் பட்டையைக் கழற்றினால் ஸ்க்ரூ பிடித்திருந்த இடமே கையோடு வரும். உள்தகட்டை வெட்டி மடித்து வெளித்தகட்டோடு மறுபடி வெல்டிங் செய்து, வெற்று இரும்பு தெரியாதபடி பிரைமரும் சீலரும் பூசிய பிறகுதான் பட்டை ஏற வேண்டும். வெட்டிய துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். பின்னாளில் யாராவது பழைய வடிவத்துக்குத் திரும்ப நினைத்தால், அவையே சரியான மாதிரி.

வெட்டும் முன் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அடியில் இருப்பது பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு. துரு தின்று, ஏற்கெனவே பட்டி நிரப்பிய விளிம்பைப் புனிதமாகக் காப்பதில் பொருளில்லை. வாங்குகிறவர்களும் இதைச் செய்ய வேண்டும். புதிய பின்தகடுகள் தாராளமாகக் கிடைப்பதால், வெட்டிய வண்டிக்கு அவற்றைப் பொருத்தி வெட்டாதது என்று சொல்ல முடியும். சக்கரக் குழிக்குள் தலையை நுழைத்து, ஸ்பாட் வெல்டிங் குழிகள் சீராக வரிசையாக இருக்கின்றனவா, இணைப்பைத் தேய்த்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வெட்டியதெல்லாம் கெட்டது என்று நினைப்பது எதிர்த்திசைத் தவறு. கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பந்தய வண்டிகளை உருவாக்கிய பில் ஸ்ட்ராப்பி, 1971 முதல் 1975 வரை பாஹா பிராங்கோ என்ற சிறப்பு வண்டியைத் தயாரித்தார். அது ஃபோர்டு விற்பனையகங்களிலேயே விற்கப்பட்டது. அவர் தயாரித்த பந்தய பிராங்கோவில்தான் பந்தய ஓட்டுநர் பார்னெலி ஜோன்ஸ் 1971, 1972 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மெக்சிகோவின் பாஹா 1000 பாலைவனப் பந்தயத்தை வென்றார். பாஹா பிராங்கோவில் மட்கார்டு வெட்டப்பட்டு, அகல விளிம்பு வைக்கப்பட்டிருக்கும். அந்த வண்டிக்கு அதுவே அசல். ஆகவே, வெட்டிய மட்கார்டைக் கண்டதும் புதுத் தகட்டை வெல்டிங் செய்யக் கிளம்பும் முன், அதை வெட்டியது யார் என்று வண்டியின் பழைய தாள்களில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.