காவிரிப் படுகை ஊர்களில் தெர்மல் கேமராவால் சூட்டை அளப்பது எப்படி?

கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ எந்தத் தெரு எவ்வளவு சூட்டைத் தேக்கி வைக்கிறது என்று அறிய விரும்புவோர், தெர்மல் கேமரா காற்றின் வெப்பநிலையைக் காட்டுவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தரையும் சுவரும் கூரையும் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை, பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வாங்கி, அதிலிருந்து அவற்றின் மேற்பரப்பு வெப்பநிலையை அது கணக்கிடுகிறது. ஆகவே, ஒவ்வொரு படத்துடனும் நிழலில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொங்கவிட்ட வெப்பமானியின் அளவையும், நேரத்தையும், காற்று வீசியதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கிடுவதற்குக் கருவி உமிழ்திறன் என்ற எண்ணைக் கேட்கும்; ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு நன்றாகக் கதிராக வெளிவிடுகிறது என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண் அது. தார்ச்சாலை, சிமென்ட் தளம், செங்கல், நாட்டு ஓடு ஆகியவற்றுக்கு 0.95 என்று வைத்தால் பெரிய பிழை வராது. தகரக் கொட்டகைதான் ஏமாற்றும். புதிய, பளபளப்பான தகரம் தன் சூட்டைக் குறைவாகவே உமிழ்ந்து வானத்தின் குளிர்ச்சியைப் பிரதிபலிப்பதால், கை வைக்க முடியாதபடி கொதிக்கும்போதும் படத்தில் மரநிழலைவிடக் குளிர்ந்ததாகத் தெரியக்கூடும். அதன்மேல் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சில நிமிடம் கழித்து அருகில் சென்று டேப்பின் மேல் அளந்தால் சரியான அளவு கிடைக்கும். சன்னல் கண்ணாடி வழியாகப் படமெடுக்க வேண்டாம்; இந்தக் கதிரைக் கண்ணாடி ஊடுருவ விடாது.

பல கருவிகள் ஒவ்வொரு படத்துக்கும் நிற அளவுகோலைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். அதை நிறுத்திவிட்டு, கோடைப் பகலுக்கு 25 முதல் 65 டிகிரி வரை என்பதுபோல ஒரே வரம்பை நீங்களே வைத்தால்தான் இரண்டு தெருக்களை ஒப்பிட முடியும்.

பழகுவதற்கு நல்ல இடம் கோயிலின் வெளிப்பிரகாரம். அனுமதி பெற்று, வெயில் ஏறிய பிற்பகலில், வெறுங்காலுடன் நடப்போருக்காகக் கருங்கல் தளத்தில் வெள்ளையடித்த பாதையைப் படமெடுங்கள். இருபுறமும் கல் தகிக்க, பாதை மட்டும் குளிர்ந்த கோடாக ஓடும். இது தகரத்தில் கண்டதுபோன்ற பொய்த்தோற்றமல்ல. வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பியனுப்பினாலும், அகச்சிவப்பில் ஏறக்குறையக் கல்லைப் போலவே உமிழ்கிறது.

ஊர் முழுவதையும் பார்க்க லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை, முற்பகல் சுமார் பத்தரை மணிக்குக் கடக்கின்றன. வெப்ப உணரியின் நுணுக்கம் 100 மீட்டர், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் அவ்வளவு அகலம் என்பதால் தெருக்கள் தனித்துத் தெரியா. இரண்டாம் தொகுப்பின் இரண்டாம் நிலை (Collection 2 Level-2) மேற்பரப்பு வெப்பநிலைப் படத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள எண்ணை 0.00341802 ஆல் பெருக்கி, 149-ஐக் கூட்டி, 273.15-ஐக் கழித்தால் செல்சியஸ் அளவு வரும்.

நம் டெல்டாவில் மிகவும் கவனிக்க வேண்டியது வயல்தான். சம்பா அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் எடுத்து முடித்து, மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-ஐ எதிர்பார்த்து நிலம் தரிசாகக் கிடக்கும் மே மாதத்தில், வறண்ட வயல் பகலில் ஊருக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ சுடலாம். அந்தப் படத்தை மட்டும் பார்த்து, ஊரில் கூடுதல் வெப்பமே இல்லை என்று முடிவுகட்டுவது பெருந்தவறு. பொழுது சாய்ந்ததும் திறந்தவெளி விரைவாக ஆறிவிடும். நெருக்கமான கான்கிரீட் வீடுகளோ பகலில் உண்ட சூட்டை விடிய விடியக் கக்கிக்கொண்டிருக்கும், மக்களைத் தூங்கவிடாமல் வாட்டுவதும் அதுவே. எனவே பிற்பகல் அளவோடு நிற்காமல், இரவு 9 மணிக்கும் விடியுமுன் 5 மணிக்கும் அதே சுவரையும் அதே வயலையும் அளந்து, வயல் தரிசா, நீர் தேங்கியதா, பயிர் மூடியதா என்பதையும் எழுதிவையுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு முடிந்த பிறகு, அதே இடங்களில் அதே மணிகளில் மறுபடியும் அளவெடுக்க வேண்டும்.