தொட்டித் தண்ணீர் கலங்கினால் முதலில் ஒரு டம்ளரை எடுங்கள்

கீழக்கரையில் மீன் தொட்டி வாங்கும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. துபாயிலிருந்து லீவில் வரும் வாப்பா பிள்ளைகளுக்காகத் தொட்டி வாங்குவார், கல் போடுவார், மோட்டார் மாட்டுவார், மீனும் விடுவார். லீவு முடிந்து அவர் விமானம் ஏறிய வாரத்திலேயே தண்ணீர் வெளுத்துப்போகும். அப்புறம் எனக்குப் போன் வரும்.

"தம்பி, தண்ணியெல்லாம் பாலாட்டம் ஆயிருச்சு. மொத்தத்தையும் இறைச்சு ஊத்திட்டுக் கல்லு, பஞ்சு எல்லாத்தையும் கழுவிட்டோம். ரெண்டு நாள்ல மறுபடியும் வெளுத்துருச்சு."

"லாத்தா, இனிமே ஒன்னையும் கழுவாதீங்க, நான் வர்றேன்" என்பதுதான் என் முதல் பதில். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் வட்டாரத்தில் தொட்டி வைத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் வேலை. நான் பார்த்தவரை, கலங்கலால் செத்த மீனைவிட, கலங்கலைப் போக்குகிறேன் என்று மொத்தமாக இறைத்துக் கழுவியதில் செத்த மீன்தான் அதிகம்.

எந்தக் கலங்கல் என்று தெரியாமல் எதையும் செய்ய வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, பின்னால் வெள்ளைத் தாளை வைத்து நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் பாசி. தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் டீ நிறம் என்றால் மரக்கட்டையின் சாயம். வெள்ளையாக இருந்தால் டம்ளரை அசைக்காமல் இரவு முழுக்க ஓரமாக வையுங்கள். காலையில் அடியில் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது வெறும் தூசி. நேற்றைய வெண்மை அப்படியே நின்றால் நுண்ணுயிர். முகர்ந்தும் பாருங்கள். நல்ல தொட்டித் தண்ணீரில் லேசான மண்வாசம்தான் வரும். அழுகல் நாற்றம் அடித்தால் கல் இடுக்கிலோ ஃபில்டருக்குப் பின்னாலோ ஒரு மீனோ நத்தையோ செத்துக் கிடக்கிறது. அதை எடுக்காமல் வேறு எதைச் செய்தும் பலனில்லை.

தூசிக்குப் பெரிய வைத்தியம் கிடையாது. புதுக் கல்லை வாளியில் போட்டு, அரிசி களைவதுபோல, கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை களைய வேண்டும். சோப்பு கூடவே கூடாது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் ஃபில்டரை ஓடவிடுங்கள், ஓரிரு நாளில் பஞ்சு பிடித்துக்கொள்ளும்.

ஆனால் மணல் விஷயத்தை அப்படி விட முடியாது. கடற்கரைதான் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு பை அள்ளி வந்து போடுகிறார்கள். நம் கரை மணலில் பாதி சிப்பித் தூள். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கரண்டி மணலை நன்னீரில் அலசிக் காயவைத்து, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். கண்ணை அருகில் வைத்துப் பார்த்தால் பொடிப்பொடியாக நுரைக் குமிழ் கிளம்பும், காதருகே கொண்டுபோனால் மெல்லிய சத்தம்கூடக் கேட்கும். அது சுண்ணாம்பு. தொட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரின் கடினத்தையும் பி.எச். என்கிற அமில-காரத் தன்மையின் அளவையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். சங்கு, சிப்பி அலங்காரமும் இதே கதைதான். பவளப்பாறைத் துண்டை வேண்டவே வேண்டாம். மன்னார் வளைகுடாவில் பவளம் எடுப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பி.எச். ஏறினால் என்ன என்று கேட்கலாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தொந்தரவு இல்லாதது, மற்றது விஷம். 30 டிகிரிச் சூட்டில், பி.எச். 7 இருக்கும் தண்ணீரில், மொத்த அம்மோனியாவில் விஷ உருவம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதே சூட்டில் பி.எச். 8 ஆனால் ஏழெட்டு சதவீதம். நம் பக்கத்தில் சூடும் உண்டு, கடினத் தண்ணீரும் உண்டு. அதனால்தான் வேறு ஊர்க்காரர்கள் வீடியோவில் சொல்கிற "சும்மா விடுங்க, தானா சரியாகும்" என்ற யோசனையை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது.

இனி அந்தப் பால் வெள்ளைக்கு வருவோம். புதுத் தொட்டியில் இரண்டாவது நாளிலிருந்து முதல் வாரத்துக்குள் பெரும்பாலும் வருவது இதுதான். மிச்சத் தீவனத்தையும் கழிவையும் தின்கிற நுண்ணுயிர்கள் நல்ல சாப்பாடு கிடைத்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நல்ல கூட்டம் இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். இவை கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டி வளர்பவை, முழுதாகக் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் கழுவும்போது போவது இந்த மெதுவான கூட்டம். தண்ணீரில் மிதக்கிற வேகக்காரர்கள் இரண்டே நாளில் திரும்பி வந்துவிடுவார்கள்.

ஆகவே, இரண்டு நாள் தீவனத்தை நிறுத்துங்கள். பெரிய மீனுக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளைகள்தான் அழுவார்கள். அடியில் கிடக்கும் மிச்சத்தை ட்யூப் வைத்து உறிஞ்சி எடுங்கள். காற்று மோட்டாரை இரவும் பகலும் ஓடவிடுங்கள், ஏனென்றால் இந்த வேகக்காரர்கள் மீனுக்கான ஆக்சிஜனையும் சேர்த்துத் தின்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். கடைகளில் கிடைக்கும் அம்மோனியா சோதனைச் சொட்டு ஒன்று கையில் இருந்தால் நல்லது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், செவுள் சிவந்து தெரிந்தால், உடனே பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். பழைய தொட்டி வைத்திருக்கும் உறவுக்காரர் யாராவது இருந்தால் அவர்கள் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டை வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். கடையில் விற்கும் எந்த பாட்டிலையும்விட அது வேலை செய்யும்.

தீவனத்தை மீண்டும் தொடங்கும்போது ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் தனித்தனியாகப் போடுவார்கள். டப்பாவை ஒருவர் பொறுப்பில் வையுங்கள்.

மாற்றுத் தண்ணீர் எது என்பதும் முக்கியம். காவிரிக் குழாய்த் தண்ணீர் வந்தால் அதுவே நல்லது, குளோரினை மட்டும் போக்க வேண்டும். அகலமான டப்பில் ஒரு நாள் திறந்து வையுங்கள், அவசரமென்றால் ஆன்டி குளோரின் சொட்டு. போர் தண்ணீர் நாக்கில் உப்புக் கரித்தால், அதில் மோலியும் கப்பியும் வாழும், நியான் டெட்ராவும் ஏஞ்சலும் வாழாது. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் தப்பு, அதில் தாது உப்பே கிடையாது. போர் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் கலந்து ஊற்றலாம். எந்தக் கலவையாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே கலவை. லாரித் தண்ணீர் என்றால் முதலில் டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தொட்டிக்கு வரும் முன்பே கலங்கலாக இருக்கிற தண்ணீருக்குத் தொட்டியைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

பழைய தொட்டி திடீரென்று வெளுத்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, கரண்ட் போனதா என்பதுதான். சித்திரை, வைகாசியில் சில மணி நேரம் ஃபில்டர் நின்றால் அதற்குள் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மூச்சுத் திணறிச் சாகும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீரை மோட்டார் அப்படியே தொட்டிக்குள் துப்பும். அதனால் சுவிட்சைப் போடுவதற்கு முன் பஞ்சை வெளியே எடுத்து, தொட்டியிலிருந்து மொண்ட தண்ணீரில் பிழிந்துவிட்டு மாட்டுங்கள். எப்போது பஞ்சைச் சுத்தம் செய்தாலும் இப்படித்தான், குழாயடியில் அல்ல. குழாய்த் தண்ணீரின் குளோரின் பஞ்சில் குடியிருப்பவற்றைக் கொன்றுவிடும். காற்று மோட்டாரை மட்டுமாவது இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 32 டிகிரியில் 7 சொச்சம்தான் தாங்கும். கோடையில் கையிருப்பே குறைவு.

பச்சைத் தண்ணீர் பெரும்பாலும் முற்றம் வைத்த வீடுகளில். வெயில் நேராக விழுகிற இடத்தில் தொட்டி இருந்தால் பாசி வராமல் என்ன செய்யும்? இடத்தை மாற்றுங்கள், விளக்கை ஆறேழு மணி நேரத்தோடு அணையுங்கள். அப்புறம் பழைய கைலியோ போர்வையோ கொண்டு நாலு பக்கமும் மூடி மூன்று நாலு நாள் இருட்டில் வையுங்கள், காற்று மட்டும் ஓடட்டும். திறந்ததும் கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும், செத்த பாசி அழுகினால் அடுத்தது பால் வெள்ளைதான். மற்றபடி பச்சைத் தண்ணீர் மீனுக்குக் கெடுதல் இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2010-ல் கடல் விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். அந்தக் குஞ்சுத் தொட்டிகளில் வேண்டுமென்றே பாசி சேர்த்துத் தண்ணீரைப் பச்சையாக்கித்தான் வளர்க்கிறார்கள். வீட்டில் கப்பிக் குஞ்சு வளர்ப்பவர் என்றால் ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரை நான் கொட்டவே விடமாட்டேன்.

டீ நிறத்துக்குக் கவலை வேண்டாம். மரக்கட்டையை இரண்டு வாரம் ஊறவைத்துப் போட்டிருந்தால் வந்திருக்காது. நிறம் பிடிக்கவில்லையென்றால் ஃபில்டரில் கார்பன் பை போடுங்கள். ஃபைட்டர் மீனுக்கு வாதாம் இலை போட்டு நாமே அந்த நிறத்தை வரவழைப்பதும் உண்டு.

பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் படிகாரத்தை எடுத்து வருவார்கள், இல்லையென்றால் தேற்றாங்கொட்டை. ஊருணித் தண்ணீர் குடித்த காலத்தில் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசித் தெளியவைத்தவர்கள், அவர்கள் சொல்வது சேற்றுக் கலங்கலுக்கு உண்மைதான். மண்துகளைக் கட்டிப்பிடித்து அடியில் இறக்கும். நுண்ணுயிர்க் கலங்கலில் அந்த விழுதும் அழுகி, அதுவே தீனியாகும். படிகாரம் பி.எச். அளவைச் சட்டென்று இறக்கும், ஆர்.ஓ. கலந்த தொட்டியில் அது ஆபத்து. லாரித் தண்ணீரைத் தனி டப்பில் தெளியவைக்க வேண்டுமானால் தேற்றாங்கொட்டையைப் பயன்படுத்துங்கள், மீன் இருக்கும் தொட்டியில் இரண்டும் வேண்டாம்.

இத்தனையும் செய்து மூன்று வாரமாகியும் தெளியவில்லையென்றால் மீனை எண்ணுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் விளிம்புவரை ஊற்றினாலே 56 லிட்டர்தான். கல்லும் மேலிடமும் போக ஐம்பதுகூடத் தேறாது. அதில் ஆறு கோல்டுஃபிஷ் விட்டால் எந்த ஃபில்டரும் ஈடுகொடுக்காது. கூடவே டேங்க் கிளீனர் என்று விற்கிற சக்கர் மீன் ஒன்று இருக்கும். அது கிளீன் பண்ணுவதைவிடப் போடுகிற கழிவுதான் அதிகம், ஓரடிக்கு மேலும் வளரும். அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். கோல்டுஃபிஷ் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். ஊருணியில் மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள். சக்கர் மீன் ஒருமுறை அங்கே பெருகிவிட்டால் வலை போட்டாலும் ஒழிக்க முடியாது.